விட்டுப் பிடித்தல்

குறுந்தொகையின் 54-ஆம் பாட்டைப் பாடியவரை மீனெறி தூண்டிலார் என்றே தமிழ் நினைவில் வைத்திருக்கிறது. பாட்டுக்குள் அவர் வைத்த உவமையே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்த ஓசையில் மிரண்ட காட்டு யானை, தின்பதற்காக வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைச் சட்டென்று விட்டுவிடுகிறது. மூங்கில் விசையோடு மேலே எழும்புகிறது, மீன் கவ்வியதும் சுண்டித் தூக்கிய தூண்டிலைப் போல. காதலனிடம் தன் நலத்தைப் பறிகொடுத்து நிற்கும் பெண் ஒருத்தி சொல்கிற பாட்டு அது. யானை கைவிட்ட மூங்கில் நிமிர்ந்துவிட்டது, அவன் கைவிட்ட அவள் இன்னும் நிமிரவில்லை என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

தூண்டில் பிடித்துப் பழகிய கைக்கு அந்தப் பாட்டில் இன்னொரு சுவையும் உண்டு. புலவர் கண் மீனிலும் நிற்கவில்லை, முள்ளிலும் நிற்கவில்லை. கழியின் வளைவையும் அது நிமிர்கிற விசையையும் பார்த்திருக்கிறார். தூண்டிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு முனையில் மீன் தன் முழு வலுவோடு இழுக்கிறது, மறுமுனையில் மனிதன் இழுக்கிறான். நடுவில் கிடக்கும் நரம்போ இரண்டு பேருடைய வலுவுக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை. அது அறாமல் தாங்குவதற்குக் காரணம் கழி வளைந்து கொடுப்பதுதான். மீனின் வேகத்தை மூங்கில் வாங்கி வைத்துக்கொள்கிறது, மீன் சற்று ஓய்ந்ததும் மெல்லத் திருப்பிக் கொடுக்கிறது. செஞ்சிப் பக்கத்து ஏரிக்கரையில் மூங்கில் குச்சியோடு உட்காருகிறவர், புதுச்சேரியில் படகை அரைநாள் வாடகைக்குப் பேசிக் கடலுக்குள் போகிறவர், சொகுசுக் கப்பல் நின்ற ஊரில் இறங்கி மார்லின் தேடி ஓடுகிறவர் எல்லோருமே இந்த விட்டுப் பிடிக்கும் நயத்துக்காகத்தான் போகிறார்கள். மீன் வேண்டுமென்றால் சந்தையில் கிடைக்கும்.

எங்கள் செஞ்சிக்குக் கடல் கிடையாது. ஆனால் கடலுக்குப் போகிற ஆறு இருக்கிறது. சங்கராபரணி, வராக நதி, செஞ்சி ஆறு என்று மூன்று பெயர் சொல்லி அழைக்கிறோம். ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் பிறந்து, வழியில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, வீடூர் அணையில் 32 அடி உயரம்வரை தேங்கி நின்று, பிறகு திருக்காஞ்சி வழியாகப் புதுச்சேரி மண்ணுக்குள் நுழைகிறது. கடைசியில் கிளை பிரிந்து, ஒன்று அரியாங்குப்பம் ஆறாகவும் மற்றொன்று சுண்ணாம்பாறாகவும் வங்கக் கடலைத் தொடுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அதற்குப் பிறகு இங்கே வரும் வெளியூர்க்காரர்கள் ராஜகிரி உச்சியில் நின்று கிழக்கே பார்க்கிறார்கள். அந்தத் திசையில் இந்தத் தண்ணீர் ஓடிச் சேரும் முகத்துவாரத்தில்தான் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. சாலையில் போனால் சுமார் 70 கிலோமீட்டர். குட்டையில் தொடங்கிய தூண்டில் பழக்கம் கடலில் போய் முடிவதற்கு இந்த ஆறே வழிகாட்டி.

முதலில் ஏரியைச் சொல்லவேண்டும். கோட்டை மதிலுக்குள் இருக்கும் செட்டிக்குளத்துக்கும் சக்கரக்குளத்துக்கும் நாங்கள் தூண்டிலோடு போவதில்லை. அவை பார்த்துவிட்டு வரவேண்டிய குளங்கள். தூண்டிலுக்கு ஊர் ஏரிகள் இருக்கின்றன, ஆற்று மடுக்கள் இருக்கின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து, கலங்கல் தெளிந்து, மார்கழிப் பனி விழத் தொடங்கும் நாட்கள்தான் பருவம். எட்டடி பத்தடி மூங்கில் குச்சி, அதன் நுனியில் தங்கூசி, ஒரு சிறு ஈயக்குண்டு, முள், பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய தக்கை. நெட்டித் துண்டும் மயிலிறகுக் காம்பும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மயிலிறகுக் காம்புதான் எனக்குப் பிடித்தது. அதன் கனம் மிகக் குறைவு. மீன் மூச்சுவிட்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லத் தோன்றும்.

மண்புழுவைக் கோக்கும் விதத்திலேயே ஆளின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். முள்ளின் வளைவு முழுக்க மறையவேண்டும், ஆனால் வால் பக்கம் அரை அங்குலம் நெளிய விடவேண்டும். முழுதாகக் குத்திவிட்டால் அது செத்த இரை. நிறைய விட்டுவிட்டால் கெண்டைக் குஞ்சு அந்த வாலை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். அந்த அரை அங்குலத்தில்தான் அழைப்பு இருக்கிறது.

பிறகு தக்கையைப் படிக்கவேண்டும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது அசைகிறது அல்லது அசையவில்லை, அவ்வளவுதான். பழகியவருக்கு அடியில் எந்த மீன் என்று தெரியும். தக்கை இருந்த இடத்திலேயே நடுங்கி நடுங்கி, ஆனால் அமிழாமல் இருந்தால் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகக் கொறிக்கின்றன. மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, நின்று, யோசித்ததுபோல் மறுபடி நகர்ந்து, அப்புறம் சாய்ந்து உள்ளே போனால் ஜிலேபி. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே இழுப்பில் காணாமல் போனால் கெளுத்தி. அதைக் கழற்றும்போது முள்ளுக்குக் கை தப்பவேண்டும். எல்லாவற்றிலும் அழகானது, தக்கை அமிழ்வதற்குப் பதிலாக எழும்பிப் படுத்துக்கொள்வது. அடித்தரையில் மேயும் மிர்கால் போன்ற பெரிய மீன் இரையை வாயில் எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தும்போது ஈயக்குண்டின் கனமும் சேர்ந்து தூக்கப்படுகிறது. கனம் குறைந்ததும் நிமிர்ந்து நின்ற தக்கை படுத்துவிடுகிறது. தண்ணீருக்கு மேலே ஒரு துண்டு ரப்பர் படுத்துக்கொள்ள, கீழே ஒரு மீன் தலை நிமிர்ந்திருக்கிறது. முதல் தடவை இதை ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னபோது, தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது போல் இருந்தது.

விராலுக்குத் தக்கையே வேண்டாம். சிறு தவளையை முள்ளில் கோத்து, அல்லி இலைகளின் மேல் தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு வரவேண்டும். விரால் செவுளோடு காற்றையும் மூச்சாகக் கொள்ளும் மீன், அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு போகும். அந்த இடத்தில் நீர் களக்கென்று ஓர் ஒலி எழுப்பும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் தவளையை வீசுகிறார்கள். இலை கிழிய விரால் பாய்ந்து எடுத்ததும் புதியவர் செய்கிற முதல் காரியம் சுண்டுவது. அதுதான் செய்யக் கூடாதது. விரால் தவளையைக் குறுக்காகக் கவ்வும், கொஞ்சம் கீழே இறங்கும், அங்கே வைத்துத்தான் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். அதுவரை நரம்பை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நரம்பு ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடத் தொடங்குகிறது. இரண்டாவது ஓட்டத்தில் சுண்டவேண்டும். நின்ற அந்தச் சில நொடிகளில் கை சும்மா இருப்பதற்குப் பெரிய அடக்கம் தேவை. ஏரியில் கற்கவேண்டிய பாடங்களில் அருமையானது இதுதான்.

விரால் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். குஞ்சு பொரித்த காலத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் நீர்மேல் பொங்கிப் பொங்கி அடங்கும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அருகில் எது வந்தாலும் பாயும் என்பதால் அப்போது அவற்றைப் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அந்தச் செம்மஞ்சளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போகிறவர்தான் என் மதிப்பில் தூண்டில்காரர்.

இந்த ஏரித் தூண்டிலை வெள்ளைக்கார அதிகாரிகளும் ரசித்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அது மலை ஆறுகளின் மகசீரைக் கொண்டாடிய நூல். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1887-ல் நம் ஏரி குளங்களுக்கென்றே தனியாக இன்னொரு புத்தகம் வெளியிட்டார். மகசீர் மீது அவ்வளவு காதல் வைத்திருந்தவர் கலங்கல் தண்ணீர்க் குளத்துக்கென்று ஒரு முழுப் புத்தகம் ஒதுக்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி முகத்துவாரம். விடியற்காலை இருட்டில் ஃபைபர் படகு தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பும்போது இரு பக்கமும் விசைப்படகுகள் வரிசையாக உறங்குகின்றன. ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். ரோமாபுரியிலிருந்து வந்த மதுச்சாடிகள் அங்கே கிடைத்தன. பின்னால் ஆய்ந்தவர்கள் அந்தச் சாடிகளில் சில ஆலிவ் எண்ணெய்க்கும், சில மீனைப் புளிக்கவைத்துச் செய்த ரோமானியச் சாறுக்கும் உரியவை என்று கண்டார்கள். இத்தனை மீன் துள்ளுகிற கரைக்கு, அத்தனை கடல் தாண்டி மீன் சாறு வந்து இறங்கியிருக்கிறது. அந்நிய நாட்டில் இருந்தவனுக்கு அவன் வீட்டு ருசி தேவைப்பட்டிருக்கும்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைகிறது. படகுக்காரர் எஞ்சினைத் தணித்து நிற்கிறார். அலைகளை எண்ணுகிறாரா, பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளியில் ஒரே முடுக்கு. படகு எகிறி, விழுந்து, வெளியே வந்துவிடுகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் அடுத்த கூட்டம் உடைந்துகொண்டிருக்கிறது.

வெளியே போனதும் நிறம் மாறுவதைக் கவனிக்கவேண்டும். கரையோரம் செம்மண் கலந்த பச்சை, அதில் பாதி எங்கள் செஞ்சி மண். சற்றுத் தள்ளித் தெளிந்த பச்சை. அதற்கும் அப்பால் ஒரு கோடு கிழித்ததுபோல நீலம் தொடங்குகிறது. பச்சையும் நீலமும் சந்திக்கும் கோட்டில் நுரையும் சருகும் மிதக்கும். சிறுமீன்கள் அங்கே கூடும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். மேலே ஆலாக்கள் பறந்தால் கீழே நெத்திலியோ சாளையோ கொதிக்கிறது என்று அர்த்தம். ஆலா உயரத்தில் வட்டமடித்தால் மீன் ஆழத்தில், தாழப் பறந்து கொத்தினால் மீன் மேலே. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் கடலடிப் பாறைத்திட்டான பார் எங்கே என்று பார்க்க எங்கள் படகுக்காரர் ஒரு தடவை கரையைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். கரையில் தெரியும் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மரக்கூட்டமும் ஒன்றை ஒன்று மறைத்தால் சரியான இடம். கருவியும் கண்ணும் ஒத்துப்போகும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

படகின் பின்புறம் இரண்டு மூன்று கழிகள் நட்டு, ஓடிக்கொண்டே பொய்மீனை இழுப்பதை ட்ரோலிங் என்கிறார்கள். வண்ணம் பூசிய மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பொய்மீன், தாடைக்குக் கீழே ஒரு சிறு தகடு. படகு ஓடும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதிப் பொய்மீனைக் கீழே அமுக்குகிறது. தகட்டின் நீளமும் சாய்வும் எவ்வளவு ஆழம் போகும், எப்படி நெளியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கழியின் நுனியைப் பார்த்தால் அது விடாமல் சிறு அதிர்வோடு துடித்துக்கொண்டிருக்கும். பொய்மீன் ஒழுங்காக நீந்துகிறது என்பதற்கு அதுவே சாட்சி. துடிப்பு நின்றால் முள்ளில் பாசி சிக்கியிருக்கிறது. ஏரியில் தக்கையைப் படித்த கண் இங்கே கழி நுனியைப் படிக்கிறது.

ரீல்தான் புதிய விஷயம். மூங்கில் வளைந்து கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோ வஞ்சிரம் அறுபது எழுபது மீட்டர் ஒரே மூச்சில் ஓடினால் எந்தக் கழியும் தாங்காது. ரீலுக்குள் வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன, நடுநடுவே கார்பன் நாரால் செய்த வளையங்கள். ஒரு திருகைத் திருப்பினால் அவை நெருங்குகின்றன, தளர்த்தினால் விலகுகின்றன. இதை டிராக் என்கிறார்கள். நரம்பு எந்தக் கனத்தில் அறுமோ அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்கு இழுப்பிலேயே ரீல் நழுவி நரம்பை விடும்படி வைப்பது வழக்கம். 12 கிலோ தாங்கும் நரம்பென்றால் 3 அல்லது 4 கிலோ இழுப்பில் விட்டுவிடும். மீன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நரம்பில் ஏறும் பாரம் அந்த அளவைப் பெரிதாகத் தாண்டாது. அந்த 3 கிலோவை ஒவ்வொரு மீட்டருக்கும் சுமந்துகொண்டு ஓடி ஓடித்தான் மீன் களைக்கிறது. மூங்கில் வளைந்து செய்ததைத் தகடுகள் நழுவிச் செய்கின்றன. மீனெறி தூண்டிலார் இதைப் பார்த்திருந்தால் இன்னொரு உவமை கிடைத்திருக்கும்.

நரம்பு நழுவும்போது ரீல் எழுப்பும் ஓசை இருக்கிறதே, அதற்காகவே கடலுக்குப் போகலாம். படகு ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது, வெயில் ஏறுகிறது, யாரும் பேசவில்லை. திடீரென்று ஒரு கழி மடங்குகிறது, ரீல் அலறுகிறது. முதலில் உச்ச சுதியில் ஒரே நீட்டு, பிறகு சற்றுத் தணிந்து விட்டுவிட்டு, மறுபடி உச்சம். காதால் கேட்டே மீன் நேராக ஓடுகிறதா, திரும்புகிறதா என்று சொல்லிவிடலாம். நான் கழியை எடுத்து உடனே சுற்றத் தொடங்கியதும் படகுக்காரர் சொன்னார்:

"தம்பி, சுத்தாதீங்க. அது ஓடுறப்ப நீங்க சுத்தினா நரம்புதான் முறுக்கும். ஓடட்டும் விடுங்க. நிக்கும் பாருங்க, அப்ப வாங்குங்க."

"எவ்ளோ நேரம்ணே ஓடும்?"

"அது இஷ்டம். நம்ம வேலை கழிய நிமிர்த்திப் பிடிக்கிறது மட்டும்."

விராலிடம் கேட்ட அதே பாடம். நின்றதும் கழியை மெல்ல மேலே தூக்கி, தாழ்த்திக்கொண்டே சுற்றி, மறுபடி தூக்கி என்று வாங்கவேண்டும். தாழ்த்தும்போது நரம்பு தொய்ந்துவிடக் கூடாது. தொய்ந்த ஒரு நொடியில் மீன் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும்.

மீனுக்கு மீன் இழுக்கும் விதம் மாறுகிறது. வஞ்சிரம் முதல் ஓட்டத்திலேயே தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடும், இரண்டாம் ஓட்டம் பாதிதான். அதன் பற்கள் கத்தி வரிசை. இரையை விழுங்க வருவதில்லை, முதலில் வாலை வெட்டி ஓட்டத்தை நிறுத்த வருகிறது. அதனால்தான் வஞ்சிரத்துக்கு வைக்கும் இரையில் வால்பக்கம் இன்னொரு முள் கட்டுகிறார்கள், முள்ளுக்கு மேலே நரம்புக்குப் பதிலாகக் கம்பி வைக்கிறார்கள். சீலா ஓடுவதைவிட உதறும். கழியில் டக் டக் என்று அடி விழுந்தால் அதுதான். பாரை மேலே வராது. தட்டையான உடம்பைத் தண்ணீருக்குக் குறுக்கே நிறுத்தி, கீழே வட்டம் போட்டபடியே கிடக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் அது நம் பக்கம் திரும்பும் பாதியில்தான் இரண்டு சுற்று கிடைக்கும். மற்ற பாதியில் தோள் வலிக்கப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்.

எனக்கு நெருக்கமானது கடல் விரால். தட்டையான அகன்ற தலை, கீழ்த்தாடை சற்று முன்னே நீண்டிருக்கும், பக்கவாட்டில் கறுத்த பட்டை. தூரத்தில் பார்த்தால் சிறு சுறா என்று தோன்றும். ஏரி விராலுக்கு உறவே இல்லை, ஆனால் உடம்பின் நீட்டத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களின் கண்ணை மெச்சவேண்டும். மிதக்கும் கட்டை, போயா, பெரிய திருக்கை இவற்றின் நிழலில் கூடவே நீந்தும். படகு நின்றால் வேடிக்கை பார்க்க வரும். இரையைத் தொடாமல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். தூண்டிலில் மாட்டியதும் சாதுவாக வருவதுபோல வந்து, படகைக் கண்ட பிறகுதான் தன் சண்டையைத் தொடங்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் இந்தியாவில் முதன்முதலாக இதைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இப்போது கூண்டிலும் வளர்கிறது. கூண்டில் வளர்ந்தது இந்தக் குறும்பையெல்லாம் கற்றிருக்குமா என்று தோன்றும்.

விளையாட்டாக மீன்பிடிப்பவர்களுக்கென்று 1939-ல் ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. அதன் விதிகளில் நான் பெரிதாக மதிப்பது ஒன்று: மீன் மாட்டிய பிறகு கழியையும் ரீலையும் வேறொருவர் தொட்டுவிட்டால் அது சாதனையாகாது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆளின் கை. படகைத் திருப்புவது படகுக்காரர் வேலை, மீனோடு பேசுவது உங்கள் வேலை. சாதனைக்கு ஏற்கப்படும் நரம்பின் உச்ச வலுவையும் 60 கிலோவோடு நிறுத்தியிருக்கிறார்கள். பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் 1953 ஆகஸ்ட் 4 அன்று ஆல்ஃபிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் 707 கிலோ கறுப்பு மார்லினைப் பிடித்தார். அது இன்றும் முறியடிக்கப்படாத அளவு. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விட்டுப் பிடிப்பது எத்தனை பெரிய கலை என்பது விளங்கும்.

சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் அரை நாளில் அடங்கவேண்டியிருக்கிறது. மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ், கொசுமெல் போன்ற துறைகளில் கப்பல் காலையில் நிற்கும், தூண்டில் படகுகள் காத்திருக்கும், மாலை கப்பல் கிளம்புவதற்குள் திரும்பிவிடவேண்டும். நம் பக்கத்தில் 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல் புதுச்சேரிக்கு வெளியே வந்தும் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. அடுத்த ஆண்டு அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பக்கம் போனது. இவற்றில் தூண்டிலுக்கு ஏற்றது திருகோணமலை. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்துக்குள்ளிருந்தே தொடங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் மணிக்கணக்கில் ஓடித் தேடவேண்டிய ஆழம் அங்கே கரைக்கு அருகில். நம் வஞ்சிரம் அங்கே அறுக்குளா, மயில்மீன் தளப்பத்து.

கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் சமுத்ரம் கப்பல் பயணத்தில் மினிக்காய் ஒரு நிறுத்தம். அந்தத் தீவுக்காரர்களின் சூரை பிடிப்பைக் காணக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசி, படகின் ஓரத்திலிருந்து தண்ணீரை மழைபோலத் தெளித்துக் கடலின் முகத்தைக் கலைக்கிறார்கள். சிறுமீன் கூட்டம் துள்ளுகிறது என்று ஏமாந்து சூரைகள் வெறிகொண்டு மேலே வரும். நீண்ட கழியில் செதிள் இல்லாத, வழவழப்பான முள். சூரை கவ்வியதும் ஒரே தூக்கு. அது காற்றில் வளைந்து வந்து படகுக்குள் விழும்போதே முள் தானாகக் கழன்றுவிடும். அடுத்த நொடி முள் மறுபடி தண்ணீரில். வலையே இல்லாமல், வேண்டாத மீனைக் கொல்லாமல், ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகக் கையால் எடுக்கும் முறை.

கடலுக்குப் போகும் விருந்தாளிகளும் இந்தச் செதிளில்லா முள்ளைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் திடமான எண்ணம். முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு செதிளைக் குறட்டால் அழுத்தினால் மடங்கிவிடும், ஒரு நிமிட வேலை. கழியின் வளைவு சரியாக இருந்து, நரம்பு தொய்யாமல் இருந்தால் செதிள் இல்லாமலே மீன் தங்கும். வேண்டிய ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடும்போது வாய் கிழியாமல் கழற்றலாம். உள்வளைந்த வட்ட முள் அதைவிட நல்லது. மீன் விழுங்கினாலும் நழுவி வந்து தாடையின் மூலையில்தான் மாட்டும். அந்த முள்ளுக்குச் சுண்டவே கூடாது. ஏரிக்காரர்களுக்கு அதுதான் கஷ்டம், கை தானாகச் சுண்டிவிடும்.

தை பிறந்து கடல் தணிந்த பின் பங்குனி வரை நல்ல காலம். போக நினைப்பவருக்கு ஒன்று சொல்வேன். துறைமுகத்தில் படகு கிளம்பும் முன் கழியை வாங்கி, நரம்பின் நுனியை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, மெல்ல இழுத்துப் பாருங்கள். எந்த இழுப்பில் ரீல் விடத் தொடங்குகிறது என்று கை பழகட்டும். கூடுதலாகத் தோன்றினால் படகுக்காரரிடம் சொல்லித் தளர்த்தச் சொல்லுங்கள். கடலுக்குள் போனபின் மீன் சுமக்கப்போகும் பாரம் அதுதான்.